வலப்பக்கம் சாய்ந்த முடிச்சு

பட்டறையில் அவளுக்குக் கூடாரம் என்று பெயர். கூடாரம் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர். வைத்தவள் ஊசி. ஊசியும் பட்டப்பெயர்தான், ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். இருவரும் பதினோரு வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தார்ப்பாய், கூடாரம், முதுகுப்பை என்று தைத்துத் தள்ளியவர்கள். பசை வாசனையில் தலைவலி வந்தால் ஒரே தைலப் புட்டியை மாற்றி மாற்றித் தடவிக்கொள்வார்கள்.

கூடாரத்துக்கு இடது கைப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்தரிக்கோல் எதுவும் அவள் கைக்கு அடங்கவில்லை. முதலாளி கூட ஒரு மாதம் முகத்தைச் சுளித்தபடியே இருந்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில், திரும்பி வந்த பழுதான கூடாரங்களைப் பிரித்துப் பார்த்தபோது எல்லாருடைய முடிச்சும் நெகிழ்ந்திருக்க, அவளுடையது மட்டும் போட்டபடியே இருந்தது. மெழுகு நூலில் இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு இழுத்து, ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான். நூலின் வால் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். மற்றவர்கள் போட்டால் வலப்பக்கம். அதிலிருந்து முதலாளி வாயைத் திறக்கவில்லை.

அவள் கணவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பள்ளிக்கு லீவு விட்டால் அவனுக்கும் லீவு. கல்யாணமான வருஷம், தையல் கோணலாகிப் போன ஒரு கூடாரத்தைப் பட்டறையில் சும்மா கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ராத்திரி முழுக்க ஒழுகியது. ஒழுகாத ஒரு மூலையில் இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, விடிகிறவரை எதையெதையோ பேசிச் சிரித்தார்கள். அன்று பிடித்த பைத்தியம் பதினெட்டு வருஷமாக விடவில்லை.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பெரியவள், சின்னவள். ஒவ்வொரு வருஷக் கடைசி லீவிலும் நான்கு பேரும் மூன்று நாள் நடப்பார்கள். முதல் நாள் ஆற்றோரம், இரண்டாம் நாள் ஏற்றம், மூன்றாம் நாள் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கமே பஸ் ரோடு இருந்தது. ஒரு மணி நேரம் நடந்தால் போதும். ஆனால் அப்படிப் போவது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். திரும்பும்போது மட்டும் அந்த பஸ்ஸில் ஏறி, சேறு அப்பிய காலோடு தூங்கி விழுந்துகொண்டே வருவார்கள்.

கூடாரமும் பாத்திரமும் அவன் முதுகில். அடுப்பு, அரிசி, கயிறு அவள் முதுகில். தூண்டில் பெரியவளிடம். சின்னவளிடம் கொடுத்ததை வழியில் யாராவது வாங்கிச் சுமக்க வேண்டியிருக்கும். மீன் பிடிப்பதில் கூடாரம்தான் கெட்டிக்காரி. அவன் வாய் ஓயாமல் பேசுவான். "அப்பா பேசுறதைக் கேட்டுட்டு மீனெல்லாம் அக்கரைக்குப் போயிடுது" என்று சின்னவள் சொன்னால், அக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயும் பேசுவான்.

இப்போது டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பெரியவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஏற்றத்தில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பா முன்னால் ஓடிப்போய், ஒரு பால் பவுடர் டப்பாவில் மிட்டாயைப் போட்டுப் புதைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் வரைபடம் போட்டுக்கொண்டு வந்தான். வளைந்த மரத்திலிருந்து இருபது அடி, இரட்டைப் பாறைக்குப் பின்னால், இப்படி. பிள்ளை அழுகையை மறந்து ஓடியது. அதிலிருந்து வருஷா வருஷம் புதையல். மிட்டாய் சலித்துப் போன வயதில் பெரியவள்தான் யோசனை சொன்னாள். யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை ஆளுக்கு ஒரு காகிதத்தில் எழுதி டப்பாவில் போட்டுப் புதைப்பது. அடுத்த வருஷம் தோண்டுவது.

அதற்கு விதிமுறையும் ஏற்பட்டது. காகிதத்தை மடித்து, ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மெழுகு நூலால் அவரவர் முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் முறை. அவர் மட்டும் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வரைபடம் போடுவார். அடுத்த வருஷம் மற்ற மூவரும் அதை வைத்துத் தேடுவார்கள். அவரவர் பொட்டலத்தை அவரவர்தான் பிரிக்கலாம். படித்துவிட்டு எல்லாருக்கும் வாசித்துக் காட்டலாம். இஷ்டமில்லை என்றால் அடுப்பில் போட்டுவிடலாம். எதை எழுதியிருந்தாலும் தண்டனை கிடையாது.

அந்தக் கடைசி விதியால் நன்றாகப் பிழைத்தவள் சின்னவள். "அம்மாவோட நல்ல கத்தரிக்கோலால அட்டை வெட்டினது நான்தான், பூனை இல்லை" என்று ஒரு வருஷம் வாசித்தாள். பூனை கத்தரிக்கோல் பிடிக்குமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கூடாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் எழுதுவது எப்போதும் மூன்று வரிக்குள் முடிந்துவிடும். அடி தெரியாத தண்ணீரைக் கண்டால் பயம். ஊசியின் சிரிப்பு தனக்கு இல்லையே என்று பொறாமை. இப்படிச் சின்னச் சின்ன விஷயம். சில வருஷம் வாசிப்பாள், சில வருஷம் எரிப்பாள். அவள் அம்மா வீட்டிலும் சரி, பட்டறையிலும் சரி, மனதில் உள்ளதை அப்படியே இறக்கி வைக்க அவளுக்கு ஓர் இடம் இருந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த டப்பாதான். அதை அவள் பூட்டுப் போட்ட அலமாரியைவிட அதிகமாக நம்பினாள்.

போன வருஷம் அவள் இரண்டு பக்கம் எழுதினாள்.

விஷயம் இதுதான். பஸ்ஸில் போனால் நான்கு மணி நேரமாகும் ஓர் ஊரில் முதலாளி இன்னொரு பட்டறை திறக்கப் போகிறார். வெட்டும் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ள அவளை வரச் சொல்லியிருந்தார். அங்கேயே ஒரு வருஷம் தங்க வேண்டும், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். யோசித்துச் சொல், அவசரமில்லை என்றார். அவளுக்கோ யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போக வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. ஆனால் நான்கு மாதத்தில் பெரியவளுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை. அது முடியட்டும், அப்புறம் வீட்டில் சொல்லலாம் என்று இருந்தாள். ஊசியிடம் மட்டும் சொன்னாள். மற்றதையெல்லாம் காகிதத்தில் எழுதினாள். முன்கூட்டியே சொன்னால் கணவன் முகம் வாடும், அந்த முகத்தைப் பார்த்தால் தானே பின்வாங்கிவிடுவேன் என்பதையும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு மேசைக்குத் தலைமையாக உட்கார வேண்டும் என்பதையும் எழுதினாள். கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எதிரே உட்கார்ந்து கணவன் தன் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். போன வருஷம் புதைக்கும் முறை அவனுடையது.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் பஸ் டிரைவர் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினான். சாயங்காலம் மூன்று மீனோடு வந்தான். சின்னவள் ஒன்றைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, இது கடல் மீன்."

"ஏரிக்கு வழி தவறி வந்திருக்கும்" என்றான்.

வீடே உருண்டு சிரித்தது. ஒன்றும் மாட்டாமல், மானத்தைக் காப்பாற்ற மார்க்கெட்டில் வாங்கி வந்திருக்கிறான் என்று கூடாரம் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பெரியவளின் பரீட்சை முடிந்த மறுநாள் கூடாரம் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். முதலில் முதலாளியிடம் சரி என்று சொல்வது, பிறகு வீட்டில் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் எல்லாரையும் கூப்பிட்டு, புதுப் பட்டறைக்கு ஊசி போகிறாள் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் இவள் பக்கம் வந்து தணிந்த குரலில், "பரவாயில்லைம்மா. குடும்பம்தான் முக்கியம்" என்றார்.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தாள். இந்த விஷயம் தெரிந்தவள் ஊசி மட்டும். அந்த வேலை போனது ஊசிக்கு. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? அன்றே தன் மிஷினை அடுத்த வரிசைக்கு மாற்றிக்கொண்டாள். ஊசி இரண்டு தடவை அருகில் வந்து நின்றாள். இவள் தலை நிமிரவில்லை. காது கேட்கிற தூரத்தில் நான்கு பேரிடம், "கூடவே உட்கார்ந்து குழி பறிச்சா" என்று சொன்னாள். ஊசி ஊரை விட்டுப் போன அன்று இவள் வேண்டுமென்றே லீவு போட்டாள். வீட்டில் கணவனிடமும் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். வேலை கிடைக்கவிருந்ததையும், ஊசி தட்டிப் பறித்ததையும். அவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"விடு. உன் நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்கோ" என்றான்.

இந்த வருஷமும் போனார்கள். மூன்றாம் நாள் காலை ஏரிக்கரை. அவன் வரைபடத்தை எடுத்து நீட்டிவிட்டு, தேடுகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டே பின்னால் வந்தான். சின்னவள் அடி எண்ணினாள். பெரியவள் அவள் எண்ணுவதில் தப்பு கண்டுபிடித்தாள். அரை மணி நேரத்தில் டப்பா கிடைத்தது.

அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான்கு திசையில் போய் உட்கார்ந்தார்கள். கூடாரம் ஒரு பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்தாள். பிரிக்கக் கை போனது. நின்றது.

நூலின் வால் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். திருப்பினால் மாறுகிற விஷயமா அது? வேறு யாருடையதோ என்று பார்த்தாள். ஓரத்தில் தன் பட்டறைத் துணியின் பச்சைத் துண்டை அடையாளத்துக்கு அவளே வைத்திருந்தாள். அதே இரண்டு சுற்று, அதே இறுக்கம், கடைசியில் அதே தட்டு. அவளைப் போலவே போட வேண்டும் என்று பாடுபட்டுப் போட்ட முடிச்சு. ஆனால் கண்ணாடியில் பார்த்ததைப் போல இடம் வலமாக மாறியிருந்தது.

கண்ணாடி என்று நினைத்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பட்டறையில் அவள் முடிச்சைக் கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கு அவள் முதலில் சொல்வதே இதுதான்: என் எதிரே உட்காராதே, பக்கத்தில் வந்து உட்கார். எதிரே உட்கார்ந்து பார்த்தால், அவள் இடது கை செய்வதை அவர்கள் வலது கையால் அப்படியே செய்வார்கள். சரியாகச் செய்கிறோம் என்றுதான் தோன்றும். முடிச்சு தலைகீழாக வரும். பட்டறையே கற்றுக்கொண்ட பாடம். அது தெரியாமல், வருஷக்கணக்காக அடுப்புக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். டப்பா இருக்கும் இடமும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பிறகு மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. கடல் மீன். குடும்பம்தான் முக்கியம். உன் நல்லதுக்குத்தான்.

பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்து வர அனுப்பினாள். இரண்டு பேரும் போனதும் அவன் அருகில் போய் நின்று, பொட்டலத்தைப் பிரிக்காமலேயே நீட்டினாள்.

"இதை நீங்க திறந்தீங்களா?"

அவன் பொட்டலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தவன் சொல்லவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவளுக்கு அது அறைந்ததைப் போல இருந்தது.

"முதலாளியைப் போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"என்ன சொன்னீங்க?"

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவளால் வர முடியாது, நேரில் சொல்லச் சங்கடப்படுகிறாள், அதனால் என்னை அனுப்பினாள் என்று சொன்னானாம். முதலாளி இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம், அழுதுவிடுவாள் என்றும் சொன்னானாம். அதைக்கூட யோசித்து வைத்திருக்கிறான்.

"எப்பவும் மூணு வரிதான் எழுதுவே" என்றான். "அன்னைக்கு ரெண்டு பக்கம் எழுதினே, கையை வச்சு மறைச்சு. பதினெட்டு வருஷத்துல எனக்கு நீ ரெண்டு பக்கம் எழுதினதில்லை. ரெண்டு மாசம் எனக்குத் தூக்கமே இல்லை. நீ போயிட்டா இந்த வீடு என்ன ஆகும்?"

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா போயிடுவே."

"ஆமா, போயிருப்பேன். போயிட்டு வந்திருப்பேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். வேலை போனதுகூட அப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊசியைத் திட்டி அவள் அழுத அந்த ராத்திரி, இவன் முதுகைத் தடவினானே, அந்தக் கைதான் நினைவுக்கு வந்து வந்து போனது. எட்டு மாதம். தினமும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஊசியைப் பற்றி அவள் பொருமினாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டான். ஒரு நாளாவது ‘அவ இல்லை, நான்தான்’ என்று அவன் வாயில் வரவில்லை.

அவன் தன் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"இந்தா, என்னோடதை நீயும் படிச்சுக்கோ. சரியாப் போயிடும்."

"எனக்கு வேணாம்."

"படியேன்."

"அடுத்தவங்க காகிதத்தைப் படிக்கக் கூடாதுன்னு நாமதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்" என்றாள். தன் இரண்டு பக்கத்தையும் பிரிக்காமலேயே அடுப்பில் வைத்தாள். பிளாஸ்டிக் சுருங்கி, நாற்றமடித்து எரிந்தது.

பிள்ளைகள் தண்ணீரோடு வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அவள் மறைக்கவில்லை. என்ன எழுதினாள், யார் திறந்தார்கள், என்ன நடந்தது என்று நான்கு வாக்கியத்தில் சொன்னாள். பெரியவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் தன் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"என்னோடதையும் படிச்சீங்களா அப்பா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இல்லைடா. சத்தியமா இல்லை."

சின்னவள் தன் பொட்டலத்தின் முடிச்சைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த வருஷம் யாரும் புதிதாக எழுதவில்லை. கூடாரத்தை மடித்து, அவரவர் சுமையைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார்கள். வாய் ஓயாத அவனும் பேசாமல் நடந்தான். ரோட்டில் இரண்டு பக்கமும் பஸ் வரும். ஒன்று வீட்டுக்கு. எதிர்ப்பக்கம் வருவது ஊசி இருக்கும் ஊருக்கு. கூடாரம் அடுப்பையும் அரிசியையும் இறக்கி அவன் காலடியில் வைத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்" என்றாள் பிள்ளைகளிடம். "தனியாப் போற வேலை. கோபிச்சுக்கிட்டுப் போகலை."

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றான் அவன்.

"வீட்டுல பேச உங்களுக்குப் பத்து மாசம் இருந்துச்சு" என்றுவிட்டு ரோட்டைக் கடந்தாள்.

புதுப் பட்டறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஊசி நீள மேசையில் பச்சைத் தார்ப்பாயை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். சேறு படிந்த காலும் முதுகுப்பையுமாக வாசலில் நின்றவளைப் பார்த்தும் அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. வெட்ட வேண்டியதை வெட்டி முடித்தாள்.

"என்ன, குழி எவ்வளவு ஆழம்னு பார்க்க வந்தியா?"

பேச்சு அவள் காதுக்குப் போயிருக்கிறது. கூடாரம் நடந்ததைச் சொன்னாள். ஊசி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ லீவு போட்டிருந்த ஒரு நாள் உன் வீட்டுக்காரர் முதலாளியைப் பார்க்க வந்தார், அவருக்கு டீ குடுத்ததே நான்தான்" என்றாள். "நீ அனுப்பித்தான் வந்திருக்கார்னு நினைச்சேன். பதினோரு வருஷம் கூட உட்கார்ந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம புருஷனை அனுப்பிட்டாளேன்னு எனக்குத்தான் கோபம். அப்புறமும் கேட்டுடலாம்னு ரெண்டு தடவை வந்தேன். நீ நிமிரவே இல்லை."

"உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

ஊசி இறங்கி வரவில்லை. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே, "இந்த வேலையை உனக்கு விட்டுத் தர மாட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"அதுக்கு வரலை. உன்னைப் பத்தி நாலு பேர்கிட்ட தப்பாச் சொன்னேன். திங்கட்கிழமை அதே நாலு பேர்கிட்டயும் போய் நான் சொன்னது பொய்னு சொல்லப்போறேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

ஊசி காலால் ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள். கூடாரம் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

ஃபோன் அடித்தது. கணவனின் எண். எடுத்தால் பேசியது சின்னவள்.

"அம்மா, நாளைக்கு வந்துடுவே இல்ல?"

"வந்துடுவேன்."

"அப்பா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னார். என்னைச் சொல்லச் சொன்னார்."

கூடாரம் கண்ணை மூடித் திறந்தாள்.

"நீ சொல்ல வேணாம், கண்ணு" என்றாள். "ஃபோனை அப்பாகிட்ட குடுத்துட்டு நீ போய்ச் சாப்பிடு. அவர் சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும்."

மறுமுனையில் ஃபோன் கை மாறும் சத்தம் கேட்டது. அதன்பிறகு யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவள் எதுவும் சொல்லாமல் காத்திருந்தாள்.